பழுதாகாத லிஃப்டின் பங்குகள்

சாயங்காலம் வீட்டில் இருந்தால் 'ரசமட்டம்' என்று கூப்பிடப்பட்டவனின் காது படிக்கட்டுப் பக்கமே இருக்கும். மனைவி வேலை முடிந்து ஏறி வரும் சத்தம் அவனுக்கு மனப்பாடம். முதல் மாடி வரைக்கும் ஒரே சீராக வரும். இரண்டாவதில் இடது கால் முந்திக்கொள்ளும், வலது கால் பின்னால் இழுபடும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் சத்தம் நின்றுபோகும். அங்கே அவன் ஒரு மர ஸ்டூல் போட்டிருந்தான். அதில் உட்கார்ந்து அவள் முழங்காலை நீவிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். எழுந்து போய் அவள் கைப்பையையாவது வாங்கிக்கொள்ளலாம். முன்பெல்லாம் போயும் இருக்கிறான். "நான் என்ன நோயாளியா? நீங்க உள்ள போங்க" என்று விரட்டிவிடுவாள். அதனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒன்றும் காதில் விழாதவன் போல அடுப்படியில் நின்றுகொள்வான்.

குடியிருந்தது நாலாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவன் தொழிலோ லிஃப்ட் மெக்கானிக். அங்கே குடியிருந்தவர்களுக்கு இது அலுக்காத வேடிக்கை. கீழ்வீட்டு வாத்தியார் அவனைப் பார்த்தபோதெல்லாம் சொல்வார்: "ஊரையே மேல தூக்கி விடுறீங்க. வீட்டம்மாவைத் தூக்க மட்டும் வழியில்லையா?"

"இருக்கு சார். கீழ வீடு பாத்துட்டு இருக்கேன்" என்று அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பு உண்மையாக இருந்த காலமும் ஒன்று உண்டு.

ரசமட்டம் என்பது கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக, மட்டம் சரியா என்று குமிழியால் காட்டும் சின்ன ரசமட்டம் ஒன்று வைத்திருப்பான். லிஃப்ட் வந்து நின்றதும் பெட்டியின் தரையும் மாடியின் தரையும் ஒரு நூல் பிசகாமல் சேர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். மற்றவர்கள் கண்ணால் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிற வேலை அது. பிசகு இருந்தால் மறுபடி மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஏறுவான். அவன் கைபட்ட லிஃப்டில் ஒரு கிழவி கால் தடுக்கி விழுந்தாள் என்ற பேச்சே கிடையாது. இதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததைக் கேட்பவர்கள் அவனை அசட்டு ஆள் என்று நினைத்துவிடக் கூடாது.

அவனுடைய அக்கா கடைவீதியில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். ஜன்னல் அளவோடு வருகிறவர்களிடம் எந்தக் கட்டடம் என்று முதலில் கேட்பாள். "அந்த லிஃப்ட் என் தம்பி பாக்கிறதுதான். தைரியமா ஏறலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் துணியை விரிப்பாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் இருவரும். தம்பியின் கைத்தொழில் அவளுக்கு ஒரு பட்டம் போல.

அந்த ஊரில் பெரும்பாலும் இரண்டு கம்பெனிகளின் லிஃப்ட்கள்தான். அவன் வேலை பார்த்த சர்வீஸ் நிறுவனம் இரண்டையும் பார்த்துக்கொண்டது. பழைய கம்பெனியின் லிஃப்டை அவன் 'பெரியவர்' என்பான். மற்றதற்கு 'சிணுங்கி' என்று பெயர். பெரியவர் இருக்கும் கட்டடத்துக்குப் போனால் மெஷின் ரூமைத் திறந்து, எண்ணெய் விட்டு, வடங்களைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். சிணுங்கியோ வாரம் தவறாமல் கூப்பிடும். ஒரு நாள் கதவு மூடாது; ஒரு நாள் மூடிய கதவு திறக்காது; ஒரு நாள் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுகொண்டு விளக்கை மட்டும் அணைத்து அணைத்து எரிக்கும். அதன் உதிரி பாகங்களை அந்தக் கம்பெனி மட்டுமே செய்தது. அட்டைப் பெட்டியில் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்து, மாட்டிவிட்டு வருவது அவன்தான். பெரியவருக்கு அப்படி ஒரு பெட்டி வந்து அவன் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

புருஷனும் பெண்டாட்டியும் கீழ்த்தளத்தில் ஒரு வீடு வாங்கப் பல வருஷமாகச் சேர்த்து வந்தார்கள். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. முழங்கால் அங்கே தேய்ந்தது பாதி, படிக்கட்டில் தேய்ந்தது மீதி. தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு அமைந்தது. இரண்டு அறை, பின்பக்கம் கொஞ்சம் வெட்டவெளி, வாசலில் ஒரே ஒரு படி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவருடையது. அவளுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பின்பக்கம் போய்க் கையை நீட்டி, கொடிக் கயிறு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு என்று காட்டினாள். அவன் அளவு நாடாவை எடுத்து, அவர்களுடைய மர அலமாரி உள்ளறைச் சுவரில் அடங்குமா என்று அளந்தான். அடங்கியது, பக்கத்தில் கை நுழைகிற அளவுக்கு இடமும் மிஞ்சியது.

கையில் இருந்தது போதவில்லை. டிரைவர் நல்ல மனுஷன்.

"வருஷக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன்" என்றார். "அதுக்கு மேல என் மருமகன் சும்மா விட மாட்டான். அவனுக்கு இப்பவே கை அரிக்குது."

குறைகிற பணத்தைக் கடனாக வாங்கியிருக்கலாம். அக்காவே கேட்டாள்: "நான் கொஞ்சம் தரேன்டா, மீதியை வெளிய பாரு." அவனுக்குக் கடன் என்றாலே உடம்பு கூசும். அப்போதுதான் ஜோசியர் இதில் நுழைந்தான். அவனும் மெக்கானிக்தான், எப்போது பார்த்தாலும் போனில் ஷேர் விலையைப் பார்த்து நாளைக்கு ஏறும், நாளன்றைக்கு இறங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர்.

"பேங்க்ல கிடக்கிற பணம் தூங்குதுண்ணே. எழுப்பி வேலைக்கு அனுப்புங்க" என்றான், ஒரு மொட்டை மாடியில் டீ குடிக்கும்போது.

"தெரியாத கம்பெனியில கொண்டு போய்க் கொட்ட நான் என்ன கிறுக்கனா?"

"தெரிஞ்சதுல போடுங்க. உங்க பெரியவருக்கும் ஷேர் இருக்கு. தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது. ஜோசியர் போனை நீட்டிக் காட்டினான். அந்தப் பழைய கம்பெனியின் பெயரும் அதன் எதிரே ஒரு விலையும் இருந்தன. ரசமட்டத்துக்கு அதைப் பார்த்ததும் சொந்தக்காரனை வெளியூர் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டுப் போடுகிறவர்கள் ஏமாறுவார்கள். இது அப்படியில்லை. இந்தக் கம்பெனியின் பிரேக்கை அவன் கழற்றிப் பார்த்திருக்கிறான். இதன் பல்சக்கரத்தைத் துடைத்திருக்கிறான். இதைவிட ஒரு கம்பெனியை யாரால் தெரிந்துகொள்ள முடியும்?

அன்று மாலை மனைவியிடம் சொன்னான். அவள் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவ்வளவு நல்ல லிஃப்டா?"

"பழுதே ஆகாது. ஒரு தடவை மாட்டினா நம்ம ஆயுசுக்கும் ஓடும்."

"அப்ப அவங்களுக்குப் பொழைப்பு எப்படி ஓடும்? கசங்காத துணியை யாரு எங்க கடைக்குக் கொண்டு வருவா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "இஸ்திரிக் கடையும் லிஃப்ட் கம்பெனியும் ஒண்ணாடி?"

"எனக்கென்ன தெரியும்? உங்களுக்குத் தெரிஞ்ச தொழில். நீங்க பாத்துச் செய்யுங்க" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பின்னால் அவன் மனசில் ஓயாமல் திரும்பி வந்ததும் அந்தப் பேச்சுதான். அவள் கேட்டது கேள்வி. அவன் கொடுத்தது சிரிப்பு.

முதலில் கொஞ்சம் போட்டான். ஏறியது. சில மாதத்தில் நன்றாகவே ஏறியது. அப்போது விற்றிருந்தால் கிட்டத்தட்ட வீட்டு விலையைத் தொட்டிருக்கலாம். அக்கா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "என் தம்பி வெறும் மெக்கானிக் இல்ல, கம்பெனிக்கே பங்காளி" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். அவனும் அதைக் கேட்டுக் கூச்சப்பட்டுக்கொண்டே நின்றான், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. வங்கியில் மிச்சமிருந்ததையும் எடுத்து அதிலேயே போட்டான். இன்னும் கொஞ்சம் ஏறினால் வீட்டோடு சேர்த்து வாசலுக்கு ஒரு கூரையும் போட்டுவிடலாம் என்று கணக்கு.

ஆற்றோரம் பெரிய குடியிருப்பு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அத்தனை கட்டடத்துக்கும் பெரியவர்தான் வருவார் என்று அவன் எதிர்பார்த்தான். வந்து இறங்கியது சிணுங்கி. விலை பாதிதானாம். ரசமட்டம் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தான்.

"மூணு மாசத்துல அழ ஆரம்பிக்கும் பாரு" என்றான் ஜோசியரிடம்.

அவன் சொன்னபடியே அழுதது. அழும்போதெல்லாம் ஓர் அட்டைப் பெட்டி வந்தது. அவன் கையெழுத்துப் போட்டு வாங்கினான். அந்தக் கையெழுத்து ஒவ்வொன்றும் எந்தக் கம்பெனிக்கு லாபம் என்று அந்தக் கையே யோசிக்கவில்லை. சிணுங்கி, லிஃப்டை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு உதிரி பாகத்தில் பிழைத்தது. பெரியவர் நல்ல சாமானைச் செய்து விற்றுவிட்டு, அடுத்த ஆள் வாங்க வரும் வரைக்கும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆள் வரவில்லை.

விலை இறங்கத் தொடங்கியது. ஜோசியர்தான் முதலில் பதறினான்.

"அண்ணே, வித்துடுங்க. போட்டதுக்கு மோசமில்லாம வந்துடலாம்."

"இருடா. பெட்டி கீழ போனா மேல வந்துதானே ஆகணும்?"

வேடிக்கைக்காகச் சொன்னதில்லை இது. லிஃப்ட் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு ஓர் எடைக்கட்டு தொங்கும். பெட்டி இறங்க இறங்க அது ஏறும். அதன் பாரம்தான் பெட்டியை மறுபடி மேலே இழுக்க உதவும். இருபது வருஷமாக அவன் கண்முன்னால் கீழே போன எதுவும் மேலே வராமல் இருந்ததில்லை. விலை பாதியானபோது, வருஷ போனஸாகக் கிடைத்ததையும் கொண்டுபோய்ப் போட்டான். மலிவாகக் கிடைக்கும்போது வாங்கினால் வாங்கிய விலையின் சராசரி குறையும் என்று எவனோ சொன்னதைப் பிடித்துக்கொண்டான்.

அக்கா ஒரு மத்தியானம் அவனைக் கடையில் உட்கார வைத்து, கத்திரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"சாயம் போன துணியில திரும்பத் திரும்பத் தைக்கிறியே. வெட்டி எறிய வேண்டியதுதானே?"

"உனக்குப் புரியாதுக்கா. அடிப்படை கெட்டி. கயிறே அறுந்தாலும் பெட்டி விழாது. தண்டவாளத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிற மாதிரி பிரேக் இருக்கு."

"அது லிஃப்டுக்கு. ஷேருக்கு யாருடா பிரேக் வச்சது?"

கேட்டாளே தவிர, அவள் அதற்குமேல் போகவில்லை. கடையில் வந்தவர்களிடம் பங்காளி கதையைச் சொல்லிச் சொல்லி அவனை ஏற்றிவிட்டதில் தனக்கும் பங்கு உண்டு என்று தோன்றியிருக்க வேண்டும். துணியை மடித்து வைத்துவிட்டு அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வருஷக் கடைசி வந்தது. டிரைவர் போன் செய்தபோது மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். "என்ன தம்பி, வாரம் முடியறதுக்குள்ள முடிச்சுக்கலாமா?" என்று அவர் கேட்டது அவளுக்கும் கேட்டது. ரசமட்டம் எதையோ முணுமுணுத்தான். டிரைவர், "சரிப்பா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று வைத்துவிட்டார்.

"இப்ப எவ்வளவு இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

சொன்னான். போட்டதில் கால்வாசிகூட இல்லை. கோபித்துக்கொள்வாள், அழுவாள், அக்கா வீட்டுக்குப் போய் முறையிடுவாள் என்று என்னென்னவோ எதிர்பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு சொன்னாள்:

"போகட்டும் விடுங்க. அந்த வீட்டுல நம்ம அலமாரி வைக்க இடம் பத்தாது."

அவன்தான் அளந்தான். அவளும்தான் நாடாவின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடங்கியது மட்டுமில்லை, பக்கத்தில் கை நுழைய இடமும் இருந்தது. இருந்தும் அவன், "ஆமா, பத்தாது" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்த ஒரு பொய்யைத் தாங்க அவனுக்கு நெஞ்சில் இடமில்லை.

பிறகு ஒரு நாள் அந்தச் சந்து வழியாகப் போக நேர்ந்தது. வேறு வழி இருந்தது. கால் இப்படித் திரும்பிவிட்டது. வீட்டில் புதியவர்கள் குடிவந்திருந்தார்கள். பின்பக்கத்து வெட்டவெளியில் கொடி கட்டியிருந்தார்கள், அவள் கைநீட்டிக் காட்டிய அதே மூலையிலிருந்து அதே மூலைக்கு. கொடி கட்ட வேறு தோதான இடம் அங்கே இல்லைதான். ஆனாலும் அவள் நினைப்பை யாரோ களவாடிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் அந்தப் பழைய கம்பெனியையே சிணுங்கிக் கம்பெனி வாங்கிப்போட்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு விலை போட்டுக் கொடுத்தார்கள். விற்கலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஜோசியர் செய்தியைச் சொன்னபோது தலைநிமிராமல் சொன்னான்: "நான்தான்ணே உங்களுக்கு அந்த போனைக் காட்டினது."

"நீ தெரிஞ்சதுல போடுன்னே. எனக்குத் தெரிஞ்சது மெஷின். கம்பெனி எனக்குத் தெரியாதுன்னு எனக்கே தெரியல. உன்மேல என்ன இருக்கு?"

வாங்கிய கம்பெனி பழைய லிஃப்ட்களையெல்லாம் கழற்றச் சொன்னது. மருத்துவமனைத் தெருவில் ஒரு பழைய கட்டடம்; அங்கே இருந்த பெரியவர்தான் அவன் தொழில் கற்றுக்கொண்ட லிஃப்ட். அதையும் அவன்தான் கழற்ற வேண்டியிருந்தது. வெயில் ஏறிய நேரம், மெஷின் ரூமில் மோட்டாரைத் தாங்கிய இரும்புப் படுக்கையைத் துடைத்துவிட்டு, கழற்றப்போகிற சாமான் என்று தெரிந்தும், பழக்கத்தில் ரசமட்டத்தை அதன்மேல் வைத்தான். குமிழி நகரவில்லை. நட்டநடுவில் நின்றது.

"எப்படி நிக்குது பாத்தியா?" என்றான்.

ஜோசியர் குனிந்து பார்த்தான். "நல்லா நிக்குது. அதுக்கு யாருண்ணே காசு குடுத்தா?"

ரசமட்டம் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நல்ல சாமான்தான். அதில் அவன் கணிப்புத் தப்பவில்லை. அதைச் செய்தவர்கள் பிழைப்பார்களா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைத் துணி மடித்துக்கொண்டே ஒருத்தி கேட்டாள். பெரியவரின் வடங்களை அவிழ்க்க அன்று பொழுது சாயும் வரை ஆயிற்று. மற்றவர்கள் அறுத்துவிடலாம் என்றார்கள். அவன் அவிழ்த்துத்தான் இறக்கினான்.

கைக்கு வந்த தொகை எந்த வீட்டுக்கும் காணாது. அந்தச் சமயம் பார்த்து அவர்கள் கட்டடத்திலேயே முதல் மாடியில் ஒரு வீடு காலியானது. வாடகை அதிகம், முன்பணமும் அதிகம். வந்ததை அப்படியே முன்பணமாகக் கட்டினான். அக்கா புது ஜன்னல்களுக்குத் திரை தைத்துக்கொண்டு வந்து, தானே ஸ்டூல் மேல் ஏறி மாட்டினாள்.

"மூணு மாடி குறைஞ்சதே, அது போதாதா அண்ணி?" என்றாள் மனைவி அவளிடம். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னாள். அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் அலமாரியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டிருந்தான். அவன் கணக்கில் நின்றது குறைந்த மூன்று இல்லை. ஒரு மாடி பாக்கி. அந்த ஒரு மாடியும் ஏறாமல் இருக்கத்தான் அவள் இஸ்திரிப் பெட்டியின் முன்னால் நின்று சம்பாதித்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் மனைவி சலவைக் கடைக்குப் போனதும் கரணை, சிமென்ட், ஒரு வாளித் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினான். கீழிருந்து முதல் மாடி வரைக்கும் ஒவ்வொரு படியிலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்திருந்தன; சில படிகள் வெளிப்பக்கம் சரிந்திருந்தன. குழிந்ததை நிரப்பி, சரிந்ததை ஏற்றி, பலகையால் இழுத்து மட்டம் பார்த்தான். ஒரு படியின் உயரம் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதைச் செதுக்க அதிக நேரம் பிடித்தது.

கீழ்வீட்டு வாத்தியார் கதவைத் திறந்து பார்த்தார். "என்ன, லிஃப்ட் வேலையை விட்டுட்டுக் கொத்தனார் ஆயிட்டீங்களா?"

"ஒரு மாடிதானே சார்" என்றான். அவர் வேறு ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, காயும் வரைக்கும் யாரும் மிதிக்காமல் இருக்கத் தன் வீட்டு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து குறுக்கே போட்டார். ஓரமாக ஆள் போக ஒரு பலகை வழி விட்டிருந்தான்; எல்லோரும் அதன்மேல் நடந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், வழக்கம்போலக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படியில் நின்றான். அவள் ஏறி வரும் சத்தம் கேட்டது. இடது கால், வலது கால். இழுபடவில்லை. திருப்பத்தில் வந்து சத்தம் நின்றது. உட்கார அங்கே ஸ்டூல் இல்லை. நிற்கத் தேவையும் இல்லை. ஆனாலும் நின்றாள், பழைய பழக்கத்தில், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு.

அவன் எட்டிப் பார்க்கவில்லை. அவள் மறுபடி காலெடுத்து வைக்கும் வரை, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றான்.